ஏற்காட்டில் வீட்டுப்பள்ளி: பெட்டிப் பாடமா, அரசுப் பாடமா?

ஆறு வயசுப் பெண்ணுக்கு வீட்டிலேயே பாடம் என்று முடிவானதும் ஒரு கம்பெனியின் வீட்டுப்பள்ளிப் பெட்டியை வரவழைத்தோம். பேர் வேண்டாம். தாளும் படங்களும் அருமைதான், ஆனால் எழுத்து அட்டையில் ‘ஐ ஃபார் இக்லூ’, பருவகாலப் பாடத்தில் பனிமனிதன். ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏறிக்கொண்டிருக்கிறது, அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. தினமும் இத்தனை பக்கம் என்று அட்டவணை வேறு, பிள்ளைக்கு முன்னால் எனக்குக் கொட்டாவி வரும். தமிழுக்கு மெல்லிசாக ஒரு புத்தகம், அவ்வளவுதான்.

இப்போது ஓடுவது தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் பயிற்சி நூல். ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்காக 2022இல் வந்த திட்டம். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பதால் கணக்கில் மொட்டு, தமிழில் மலர் என்று பிள்ளையின் போக்கிலேயே போகலாம், யாரும் துரத்தமாட்டார்கள். அரசுப் பாடநூல்களும் பிடிஎஃப்பாக இலவசமாகவே கிடைக்கின்றன, சேலம் இறங்கும்போது பிரிண்ட் போட்டுக்கொள்கிறோம். கூட்டல் கழித்தலுக்குக் காப்பிக்கொட்டை, பத்துப் பத்தாகக் குவித்துத் தானே எண்ணுகிறாள். ஆங்கிலம் மட்டும் சுமார், கதைப் புத்தகங்களை வைத்துச் சமாளிக்கிறோம்.

அப்புறம், சர்டிபிகேட்டுக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு: என்ஐஓஎஸ் என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் நடத்தும் திறந்தநிலை அடிப்படைக் கல்வியில் ‘ஏ’ நிலை மூன்றாம் வகுப்புக்குச் சமம்.