புது மெஷ் வைஃபை, பழைய ஸ்மார்ட் சாதனங்கள்: ஒரு வருஷத்துக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

வைஃபையை மாற்றிய பிறகு பழைய ஸ்மார்ட் பிளக்கோ பல்போ மக்கர் பண்ணினால், எல்லோரும் சொல்லும் முதல் வைத்தியம் ரீசெட். நான் கடைசியாகக்கூடச் செய்யத் தயங்குவது அதைத்தான். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய பிளக் ஒரே ராத்திரியில் கெட்டுப்போவதில்லை. மாறியது ரூட்டர், தேட வேண்டிய இடமும் ரூட்டரின் செட்டிங்ஸ்தான். ரீசெட் செய்தால் பிளக்கில் போட்டு வைத்த நேர அட்டவணை போகும், வாய்ஸ் அசிஸ்டென்டில் வைத்த பெயர் போகும். சில சமயம், அதைத் திரும்பச் சேர்க்க வேண்டிய ஆப்பே ஆப் ஸ்டோரில் இருக்காது. அந்தக் கூத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பவை: சில ஸ்மார்ட் பிளக்குகள், பல்புகள், ஏசிக்கும் டிவிக்கும் ரிமோட் வேலை பார்க்கும் ஐஆர் பெட்டி, ஒரு கேமரா, ஒரு ரோபோ வேக்குவம், ஒரு ஜிக்பீ ஹப் (ஜிக்பீ என்பது வைஃபை அல்லாத இன்னொரு வயர்லெஸ் முறை), அதோடு பேசும் கதவு சென்சார்கள். வைஃபையில் சேர்பவை எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரிந்த தலைமுறை. பிளக்குகளுக்குள் இருப்பது 2014-இல் பிரபலமான இஎஸ்பி8266 சிப். பழைய வைஃபை 5 ரூட்டரில் இவை வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் ஓடின. மூன்று பெட்டிகள் சேர்ந்து வீடு முழுக்க ஒரே வைஃபையாக இயங்கும் வைஃபை 6 மெஷ் வந்ததும் பாதி ஆஃப்லைன்.

வைஃபை 4-லிருந்து 5-க்கு மாறியபோது வராத தொல்லை 6-க்கு மாறும்போது மட்டும் ஏன்? வைஃபை 5 எனப்படும் 802.11ஏசி, 5 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டுமானது. அந்த ரூட்டர்களில் 2.4 பக்கம் ஓடிக்கொண்டிருந்தது 2009-இல் வந்த 802.11என்தான். ஆகப் பழைய பிளக்கைப் பொறுத்தவரை அப்படியொரு மாற்றம் நடக்கவே இல்லை. வைஃபை 6, அதாவது 802.11ஏஎக்ஸ், 2.4-லும் கை வைத்தது. ரூட்டர் தன் இருப்பைச் சொல்ல நொடிக்குச் சுமார் பத்துத் தடவை அனுப்பும் பீக்கனில் புதுத் தகவல்கள் சேர்ந்தன. தனக்குப் புரியாத பகுதியைத் தாண்டிப் போய்விட வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் எல்லாச் சாதனங்களும் விதிப்படி எழுதப்பட்டவை அல்லவே. பழைய டிரைவர் போட்ட சில லேப்டாப்களின் கண்ணில் வைஃபை 6 நெட்வொர்க் படவே படாமல் போய், டிரைவரை அப்டேட் செய்யுங்கள் என்று இன்டெல் நிறுவனமே சொல்ல வேண்டி வந்தது. லேப்டாப்புக்கே அந்தக் கதி என்றால் பிளக்கை என்ன குறை சொல்வது?

என் ஐஆர் பெட்டி இந்த ரகம். 2.4-இல் மட்டும் ஏஎக்ஸ் முறையை அணைத்ததும், யாரும் தொடாமலே வந்து ஒட்டிக்கொண்டது. 5 கிகாஹெர்ட்ஸில் அதை அணைக்க வேண்டியதில்லை. போனும் லேப்டாப்பும் வேகம் எடுப்பது அங்கேதான்.

ஆனால் அதிகம் பேரைக் கவிழ்ப்பது பாதுகாப்பு முறை. 2018-இல் வந்த டபிள்யூபிஏ3, 2020 ஜூலை முதல் வைஃபை அலையன்ஸின் சான்றிதழ் பெறும் புதுச் சாதனங்களுக்குக் கட்டாயமானது. அதனால் புது ரூட்டர்கள் பலவும் டபிள்யூபிஏ2-உம் 3-உம் சேர்ந்த கலப்பு முறையோடு வருகின்றன. கலப்பு என்றால் பழசும் சேரலாம் என்றுதானே அர்த்தம்? ஏட்டில் அப்படித்தான். நடப்பில், இரண்டு முறைகளையும் கூடவே பிஎம்எஃப் என்ற கூடுதல் காவலையும் ரூட்டர் ஒரே மூச்சில் அறிவிக்கும்போது சில பழைய சிப்கள் குழம்பிவிடுகின்றன. பாஸ்வேர்டு சரியாகவே இருக்கும். ஆப் மட்டும் ‘பாஸ்வேர்டு தவறு’ என்று சாதிக்கும். அந்தச் செய்தியை நம்பிப் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டே இருந்தால் விடியவே விடியாது. ஃபாஸ்ட் ரோமிங் என்ற பெயரில் இருக்கும் 802.11ஆர் வசதியும் இதே குழப்பத்தைச் செய்யும். போனில் பேசிக்கொண்டே அறை மாறுகிறவருக்கு அது பயன்படும். சுவரில் செருகிய பிளக் எங்கே ரோமிங் போகப்போகிறது?

கோளாறு சாதனத்திலா ரூட்டரிலா என்று பிரித்துப் பார்க்க ஒரு நல்ல சோதனை உண்டு. ஒரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அதற்குப் பழைய வைஃபையின் அதே பெயர், அதே பாஸ்வேர்டு கொடுங்கள். பேண்ட் 2.4, பாதுகாப்பு டபிள்யூபிஏ2. முரண்டு பிடிக்கும் பிளக்கை ஒரு தடவை கழற்றி மாட்டுங்கள். அதன் சின்ன நீல விளக்கு வேகமாகச் சிமிட்டும், கொஞ்சம் தயங்கும், பிறகு நிலையாக எரியும். எரிந்துவிட்டால் பிளக் நூற்றுக்கு நூறு ஆரோக்கியம். பாக்கி வேலை ரூட்டரில். இதைச் செய்யும்போது மெஷ்ஷிலும் அதே பெயர் ஓடிக்கொண்டிருந்தால் சோதனை கெட்டுவிடும். மெஷ்ஷைக் கொஞ்ச நேரம் அணைத்துவிடுவது நல்லது.

இதிலிருந்து நான் போய்ச் சேர்ந்த ஏற்பாடுதான் இன்றுவரை ஓடுகிறது. பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் சாதனங்களுக்கே விட்டுவிட்டேன். மெஷ்ஷில் ஸ்மார்ட் சாதனங்களுக்கென்றே ‘ஐஓடி நெட்வொர்க்’ என்று தனியாக ஒன்று இருந்தது. அதற்கு அந்தப் பழைய பெயர், 2.4 மட்டும், டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் மட்டும். ஃபாஸ்ட் ரோமிங், சாதனங்களை 2.4-க்கும் 5-க்கும் இடையே ரூட்டரே தள்ளிவிடும் பேண்ட் ஸ்டீயரிங் இரண்டும் ஆஃப். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். போன், லேப்டாப், டிவி எல்லாம் புதுப் பெயருக்கு மாறின. ஒரு சாதனத்தைக்கூட ரீசெட் செய்யாமல் பெரும்பாலானவை தாமாகவே திரும்பி வந்தன. மனிதர்கள் பெயர் மாறுவது எளிது, பல்புகள் மாறுவது கஷ்டம். ஆகவே பழைய பெயர் பல்புகளுக்கு.

டபிள்யூபிஏ2 போதுமா என்று கேட்பீர்கள். 2017-இல் அதில் கிராக் என்ற ஓட்டை வெளிவந்தது உண்மை. அப்டேட்டால் அடைபடக்கூடிய ஓட்டைதான். ஆனால் பழைய பிளக்குக்கு அப்டேட் எங்கே வருகிறது? அதனால்தான் அவை தனி நெட்வொர்க்கில், நீளமான பாஸ்வேர்டோடு இருக்கட்டும் என்கிறேன். உங்கள் மெஷ்ஷில் இப்படிப் பிரிக்க வசதி இல்லையென்றால், பழைய ரூட்டரைத் தூக்கிப் போடாமல் ஆக்சஸ் பாயிண்டாக மாற்றி, அதன் டிஹெச்சிபி-யை (சாதனங்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் வேலையை) அணைத்து, லேன் போர்ட் வழியாக மெஷ்ஷில் செருகலாம். ஆனால் இதில் சாதனங்கள் மற்ற நெட்வொர்க்கிலிருந்து பிரிவதில்லை. பழைய பாஷை பேசுகிற வாசல் மட்டும்தான் கிடைக்கும். அந்த ரூட்டருக்கும் அப்டேட் நின்றிருந்தால் எனக்கு இது அவ்வளவாகப் பிடிக்காது.

தனி நெட்வொர்க்குக்கு ஒரு விலை உண்டு. போன் ஒரு பக்கமும் பல்பு மறுபக்கமும் இருந்தால், ஆப் சாதனத்தைத் தேட அனுப்பும் எம்டிஎன்எஸ் அழைப்பு அந்த வேலியைத் தாண்டுவதில்லை. கிளவுட் வழியாக வேலை செய்பவை ஓடும். வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்பவை ‘கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று சொல்லும். என் கேமரா அப்படி ஆனது. மெஷ்ஷில் இரண்டு நெட்வொர்க்குக்கும் இடையே ‘அணுக அனுமதி’ என்ற மாதிரி ஒரு ஆப்ஷன் இருந்ததால் தப்பித்தேன். கெஸ்ட் நெட்வொர்க்கில் பெரும்பாலும் அது இருக்காது. சாதனங்களை அங்கே தள்ளாதீர்கள்.

வைஃபைக்குத் தமிழில் பெயர் வைக்கும் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. பெயருக்கு இடம் 32 பைட். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும், புள்ளிக்கும், கால்குறிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட் போகும். ‘எங்கள் வீடு’ என்று வைத்தாலே 31 ஆகிவிட்டது. போன்கள் அழகாகக் காட்டும். பழைய பல்பின் ஆப் அதைக் கேள்விக்குறியாகவோ குப்பை எழுத்தாகவோ காட்டிவிட்டு நின்றுவிடலாம். புதுப் பெயரில் ஆசையைத் தீர்த்துக்கொள்ளுங்கள், பழைய பெயர் எளிய ஆங்கில எழுத்தாகவே இருக்கட்டும்.

புதிதாகச் சேர்த்தே ஆக வேண்டிய நிலை வந்தால், இதையும் தெரிந்துகொள்வது நல்லது. பல பிளக்குகளில் இருக்கும் ஸ்மார்ட்கான்ஃபிக் முறையில், போன் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் பாக்கெட்டுகளின் நீளத்தில் ஒளித்துக் காற்றில் வீசுகிறது. பிளக் இன்னும் நெட்வொர்க்கில் சேரவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்கவும் முடியாது. எத்தனை பைட் நீளம் என்று மட்டும் எண்ணி எண்ணிப் பாஸ்வேர்டைத் தேற்றிக்கொள்கிறது. கெட்டிக்காரத்தனமான வழிதான். ஆனால் போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் அந்தப் பேச்சு 2.4 மட்டும் கேட்கும் பிளக்கின் காதில் பெரும்பாலும் விழுவதில்லை. மெஷ் பெட்டிகள் இப்படிப் பொதுவாக வீசப்படும் பாக்கெட்டுகளை வடிகட்டினாலும் இதே கதை. அப்போது ஏபி முறைக்குப் போங்கள்: விளக்கு வேகமாக அல்லாமல் மெதுவாகச் சிமிட்டும் நிலை, பிளக்கே சொந்தமாக ஒரு ஹாட்ஸ்பாட் போடும். அதில் இன்டர்நெட் இல்லையே என்று போன் தன்னிச்சையாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும். டேட்டாவை முன்பே அணைத்துவிடுங்கள்.

ஜிக்பீ கதவு சென்சார்கள் வைஃபையிலேயே இல்லை. அவையும் ஏன் செத்தன என்பதுதான் எனக்கு அதிகம் தலைவலி கொடுத்தது. ஜிக்பீயும் அதே 2.4-இல்தான் இருக்கிறது, 11 முதல் 26 வரை சேனல் எண்களோடு. இந்த எண்களுக்கும் வைஃபை சேனல் எண்களுக்கும் சம்பந்தமே இல்லை: ஜிக்பீ 11 இருப்பது 2405 மெகாஹெர்ட்ஸில், வைஃபை 11 இருப்பது 2462-இல். என் ஹப் ஜிக்பீ 11. பழைய ரூட்டர் வைஃபை 11-இல் நிலையாக இருந்ததால் இரண்டுக்கும் உரசல் இல்லை. புது மெஷ் ‘ஆட்டோ’வில் போய் வைஃபை 1-இல் உட்கார்ந்தது. அது ஜிக்பீ 11 முதல் 14 வரையிலான இடத்தை அப்படியே மூடிவிடும். போதாக்குறைக்கு ஒரு மெஷ் பெட்டி ஹப்பின் தோளை உரசிக்கொண்டு அதே அலமாரியில்.

ஜிக்பீ சேனலை மாற்றினால் சில சென்சார்களைத் திரும்பச் சேர்க்க வேண்டி வரும். அதனால் வைஃபையை ஆட்டோவிலிருந்து எடுத்து 11-இல் நிறுத்தினேன், பெட்டியையும் ஹப்பிலிருந்து தள்ளி வைத்தேன். சென்சார்கள் அன்றே பேச ஆரம்பித்தன. ஹப் புதிதாக வாங்குகிறவர்கள் வைஃபை 1, 6, 11 மூன்றின் இடுக்குகளில் விழும் ஜிக்பீ 15, 20, 25 ஆகியவற்றில் ஒன்றை முதலிலேயே தேர்ந்தெடுத்துவிடலாம். 26-உம் ஒதுங்கிய இடம்தான், ஆனால் சில சாதனங்கள் அதில் சரிவரப் பேசுவதில்லை.

ஐபி முகவரி விஷயம் சின்னது. பழைய ரூட்டர் 192.168.0 என்றும் புதியது 192.168.1 என்றும் ஆரம்பித்தால், கையால் ஐபி போட்ட கேமரா அநாதையாகிவிடும். புது ரூட்டரைப் பழைய எண்ணுக்கு மாற்றிவிட்டால் முடிந்தது.

தீராத ஒன்று கரண்ட் போய் வரும் நேரம். பிளக்கும் பல்பும் சில நொடிகளில் விழித்துக்கொள்கின்றன. மெஷ் எழுந்திருக்க நிமிஷங்கள் ஆகின்றன. எந்தப் பெட்டி முதலில் எழுகிறதோ அதன் மேல் எல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும், பக்கத்து அறைப் பெட்டியை விட்டுவிட்டு மாடிப் பெட்டியில் தொங்கும் பல்பு உட்பட. சிக்னல் மைனஸ் 80 டிபிஎம் பக்கம் போனால் கட்டளை போகும், பதில் வராது. “ஏம்ப்பா, சுவத்துல சுவிட்ச் இருக்கும்போது போனைத் தடவிக்கிட்டு நிக்கிறே?” என்று அம்மா கேட்பது இந்த நேரத்தில்தான். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. முதன்மைப் பெட்டிக்கும் மோடத்துக்கும் சின்ன யுபிஎஸ் போட்டேன், நகராத சாதனங்களை அருகில் உள்ள பெட்டியோடு கட்டிவைக்கும் ஆப்ஷனையும் பயன்படுத்தினேன். பெருமளவு குறைந்தது, முழுசாகப் போகவில்லை. மூன்று பெட்டிகள் 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தேவை. சுவர்களை எளிதாகத் துளைக்கும் 2.4-க்கு இரண்டே அதிகம் என்பது என் எண்ணம்.

இனி அந்தக் கூத்து. என்ன செய்தும் திரும்பாத பல்பு ஒன்று இருந்தது. வைஃபையில் சேர்கிறது, ஐபி வாங்குகிறது, ஆப்பில் மட்டும் ஆஃப்லைன். இங்கே ரூட்டர் நிரபராதி. பழைய சாதனங்கள் செர்வரை நம்ப உள்ளே சான்றிதழ்களை வைத்திருக்கும். அவற்றுக்குக் காலாவதித் தேதி உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று அப்படிப் பரவலாகப் பயன்பட்ட ஒரு மூலச் சான்றிதழ் காலாவதியாகி, அப்டேட் இல்லாத பல பழைய கருவிகள் பாதுகாப்பான இணைப்புப் போட முடியாமல் நின்றன. செர்வரே இல்லாமல் போவதும் உண்டு: ரிவால்வ் என்ற ஸ்மார்ட் வீட்டு ஹப் 2016 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது, ஸ்மார்ட் வீட்டுச் சாதனங்கள் விற்ற இன்ஸ்டியானின் செர்வர்கள் 2022 ஏப்ரலில் திடீரென்று இருண்டன. என் பல்பை ரீசெட் செய்யப் போனபோதுதான் அதன் ஆப்பே விலக்கப்பட்டிருப்பது தெரிந்தது. இப்போது அது சாதாரண பல்பாகச் சுவிட்சுக்குக் கட்டுப்பட்டு எரிகிறது. அதே வயதுப் பிளக்குகளில் இரண்டுக்கு, உள்ளே இருக்கும் மென்பொருளை மாற்றி டாஸ்மோட்டா என்ற இலவச ஃபர்ம்வேர் ஏற்றினேன், செர்வர் இல்லாமலே ஓடுகின்றன. மின்சாரத்தில் இருக்கும்போது பிளக்கைத் திறந்து அந்த வேலையில் இறங்காதீர்கள். உள்ளே கம்பிகளில் வீட்டு மின்சாரம் அப்படியே ஓடும்.

மெஷ் வாங்கியதில் வருத்தம் இல்லை. போன்களுக்குக் கிடைத்த வேகமும், மூலை அறையிலும் வரும் சிக்னலும் நிஜம். எரிச்சல் ஒன்றுதான்: ரூட்டர் தானாக அப்டேட் ஆகும்போது சில சமயம் சேனல் ஆட்டோவுக்கும், பாதுகாப்பு கலப்பு முறைக்கும் திரும்பிவிடுகின்றன. செட்டிங்ஸ் பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். கதவு சென்சார்கள் மௌனமானால் முதலில் சேனலைப் பார்க்கிறேன், ஐஆர் பெட்டி காணாமல் போனால் ஏஎக்ஸ் ஆப்ஷனை.