மைஎன்வி ஆப் ரிவ்யூ, கூடவே அதுக்குப் பின்னாடி இருக்க என்இஏ பத்தியும் கொஞ்சம்

சிங்கப்பூருக்கு புதுசா வர்றவங்க கிட்ட பேங்க் ஆப் போடு, பஸ் ஆப் போடுன்னு நாலு பேர் சொல்வாங்க, மைஎன்வி போட்டுக்கோன்னு யாரும் சொல்றதில்ல. சுற்றுச்சூழல் சம்பந்தப்பட்ட ஆப்னு கேட்டதும் மரம் நடுங்க, பிளாஸ்டிக் வேணாம்னு அட்வைஸ் பண்ற சமாச்சாரம்னு நினைச்சு தள்ளிடறாங்க போல. மதியம் குடை எடுக்கணுமா, நம்ம புளோக் (அடுக்குமாடிக் கட்டடம்) பக்கத்துல டெங்கி இருக்கா, சாப்பாட்டுக் கடை நாளைக்கு கிளீனிங்னு மூடி இருக்குமா, புகைமூட்டம் எவ்வளவு, இந்த வெயில்ல பையனை கிரவுண்டுக்கு அனுப்பலாமா, இதெல்லாம் ஒரே ஆப்ல இருக்கு. சிங்கப்பூர் அரசோட தேசியச் சுற்றுப்புற வாரியம், சுருக்கமா என்இஏ, நடத்தற ஆப், காசு கிடையாது. 5க்கு 4 குடுப்பேன். கழிச்ச அந்த ஒண்ணுல பாதி ஆப் மேல தப்பே இல்ல, எந்த வேலை எந்த அரசு ஆபீசுக்குன்னு பிரிச்சு வச்சிருக்க விதம் அப்படி, அதுவும் கீழ வரும்.

முதல்ல மழை. மேற்க ஜூரோங்ல கொட்டிட்டு இருக்கும், கிழக்க பாசிர் ரிஸ்ல துணி காஞ்சிட்டு இருக்கும், அதான் இந்த ஊர். அதனால "இன்னைக்கு மழை உண்டு"ன்னு மொத்தமா சொல்ற ஆப் இங்க எதுக்கும் ஆகாது, தினமும் எங்கயாவது ஒரு மூலைல பெய்யத்தான் செய்யும். மைஎன்வில ஏரியா வாரியா அடுத்த 2 மணி நேரத்துக்கான கணிப்பு இருக்கு, ரேடார் படம் இருக்கு, படத்துல அந்த கலர் எந்தப் பக்கமா நகருதுன்னு ரெண்டு நிமிஷம் பாத்தா இங்க வர எவ்வளவு நேரம் ஆகும்னு நாமளே சொல்லிடலாம். விடியக்காலைல சுமத்ரா பக்கத்துல இருந்து மலாக்கா நீரிணை தாண்டி ஒரு காத்து மழை வரும் பாருங்க, அது ரேடார்ல நீளமா ஒரு கோடு மாதிரி மேற்க இருந்து கிழக்க போறது அப்படியே தெரியும். சரியா எல்லாரும் வேலைக்கு கிளம்பற நேரம் பாத்து தான் வரும், அதுல ஒரு ரசனை அதுக்கு. போன்லயே வர்ற வெதர் ஆப்பை விட எனக்கு இது மேல நம்பிக்கை ஜாஸ்தி, ஏன்னா இங்க உள்ளூர் வானிலை ஆய்வு நிலையமே இந்த வாரியத்துக்கு உள்ள தான் இருக்கு.

இங்க கொஞ்சம் வரலாறு சொல்லியே ஆகணும், இல்லன்னா வானிலையும் கொசுவும் எப்படி ஒரே ஆப்ல வந்துச்சுன்னு புரியாது. 1970ல பிரதமர் அலுவலகத்துக்கு கீழயே மாசுத் தடுப்புக்குன்னு ஒரு சின்ன பிரிவு ஆரம்பிச்சாங்க, 1972ல சுற்றுப்புறத்துக்குன்னு தனி அமைச்சே வந்துடுச்சு, அந்தக் காலத்துல ஆசியால இது ரொம்ப சீக்கிரம். அப்புறம் 2002 ஜூலை 1ஆம் தேதி, அமைச்சுல இருந்த பொதுச் சுகாதாரப் பிரிவு, மாசுக் கட்டுப்பாடு பாத்துக்கிட்டு இருந்த பிரிவு, போக்குவரத்து அமைச்சு பக்கம் இருந்த வானிலை ஆய்வு நிலையம், மூணையும் சேத்து தேசியச் சுற்றுப்புற வாரியம்னு ஒரு சட்டபூர்வ வாரியம் ஆக்கினாங்க. அதான் என்இஏ. கொள்கை முடிவு எடுக்கறது அமைச்சு, களத்துல இறங்கி அளக்கறது, கூட்டறது, லைசென்ஸ் குடுக்கறது, ஃபைன் போடறது எல்லாம் வாரியம். நம்ம ஊர்ல இதே வேலைய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், கார்ப்பரேஷன் சுகாதாரத் துறை, வானிலை மையம்னு பிரிச்சு வச்சிருக்கோம், ஒருத்தர் ஃபைல் இன்னொருத்தர் டேபிளுக்கு போறதுக்குள்ள கொசு பேரன் பேத்தி எடுத்துடும்.

என்இஏ வேலை லிஸ்ட்டை பாத்தா தலை சுத்தும். ஃபேக்டரி புகை, கட்டட வேலை சத்தம், குப்பை எடுக்கறது, எரிக்கற ஆலை, பொது கழிவறை, சிகரெட் தடை, கார்பன் வரி வசூல் (டன்னுக்கு 5 வெள்ளில, அதாவது சிங்கப்பூர் டாலர்ல, ஆரம்பிச்சு 2024ல 25 ஆச்சு), மண்டாய் தகனச் சாலை, சுவா சூ காங் இடுகாடு வரைக்கும் இவங்க தான்.

சரி, கொசுக்கு வருவோம், இந்த வாரியத்தோட உண்மையான திறமை அங்க தான் தெரியும். ஆப்ல டெங்கி மேப் திறந்தா எந்தெந்த தெரு, எந்தெந்த புளோக், எத்தனை கேஸ்னு வரும். 150 மீட்டருக்குள்ள, 14 நாளுக்குள்ள ரெண்டு பேருக்கு வந்துட்டாலே அதை ஒரு குழுமமா கணக்குல எடுத்துடறாங்க. லிஃப்ட் கிட்ட பேனர் தொங்கும், 10க்கு கீழ கேஸ்னா மஞ்சள், 10 தொட்டா சிவப்பு, புது கேஸ் நின்னு கண்காணிப்புல இருந்தா பச்சை, கேஸ் இல்லாட்டியும் டெங்கி பரப்பற ஏடிஸ் கொசு ஜாஸ்தியா இருக்க இடத்துக்கு ஊதா. நாலு மொழில இருக்கும், தமிழும் உண்டு. காரிடார்ல கருப்பா ஒரு டப்பா வச்சிருப்பாங்க பாருங்க, சில பேர் அதை ஆஷ்ட்ரேன்னு நினைச்சுடறாங்க, அது முட்டை போட வர்ற பெண் கொசுவை பிடிக்கற பொறி, அதுல எத்தனை மாட்டுதுன்னு எண்ணி தான் எந்த ஏரியால ஆபத்துன்னு கணக்கு போடறாங்க.

வீட்டுக்கு ஆபீசர் வந்து செக் பண்ற அதிகாரமும் சட்டத்துல இருக்கு. எங்க வீட்டுக்கு வந்தவங்க ஒரு மலாய் ஆன்ட்டி, கார்டு காட்டிட்டு, செருப்பை வெளிய விட்டுட்டு, டார்ச் அடிச்சு பால்கனி, கிச்சன், ஏசி தட்டு, பூச்சட்டிக்கு கீழ இருக்க பிளேட் எல்லாம் பாத்தாங்க, துளசிச் செடி பிளேட்டை கவுத்து காட்டி சிரிச்சாங்க, எல்லாம் சரின்னு போயிட்டாங்க. புழு இருந்திருந்தா வீட்டுக்காரருக்கு 200 வெள்ளில இருந்து அபராதம் ஆரம்பிக்கும், கட்டட சைட்டா இருந்தா ஆயிரக்கணக்குல போகும், வேலையவே நிறுத்தச் சொல்வாங்க. நம்ம வீடுகளுக்கு ஒரு ஸ்பெஷல் எச்சரிக்கை, ஹால்ல பித்தளை உருளில தண்ணி ஊத்தி பூ மிதக்க விடறோமே, அழகு தான், ஆனா தண்ணிய ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது மாத்திடுங்க. பழைய வீட்ல துணி காயப்போட மூங்கில் கழி சொருகற குழாய் இருந்தா அதுக்கும் மூடி போடுங்க.

இதுல வேடிக்கை என்னன்னா, இத்தனை வருஷமா கொசுவை ஒழிச்சதே ஒரு பிரச்சனையாகி நிக்குது. கடி கம்மியானதால மக்களுக்கு எதிர்ப்பு சக்தியும் கம்மி, வைரஸ் வகை மாறினா கேஸ் குபுகுபுன்னு ஏறுது, 2020ல மட்டும் 35,000 தாண்டுச்சு, அதுவும் எல்லாரும் கொரோனாக்கு வீட்லயே அடைஞ்சு கிடந்த வருஷம். மருந்தடிக்கறது, புகை போடறது இதுல எல்லாம் ஓரளவுக்கு மேல பலன் இல்லன்னு புரிஞ்சு தான் 2016ல இருந்து ஓல்பாக்கியா திட்டம்னு கொசுவை வச்சே கொசுவை பிடிக்கறாங்க. ஓல்பாக்கியாங்கற பாக்டீரியா உள்ள ஆண் ஏடிஸ் கொசுவை வளத்து புளோக் புளோக்கா விடறாங்க, ஆண் கொசு கடிக்காது, அதோட சேர்ற பெண் கொசுவோட முட்டை பொரிக்காது, அவ்வளவு தான் விஷயம். அங் மோ கியோல இருக்க கூடத்துல வாரத்துக்கு 50 லட்சம் ஆண் கொசு வரைக்கும் உற்பத்தி பண்ண முடியுமாம். விட்ட ஏரியாக்கள்ல டெங்கி வர்ற வாய்ப்பு 70 சதவீதத்துக்கு மேல குறைஞ்சிருக்குன்னு வாரியம் சொல்லுது. திடீர்னு லிஃப்ட்ல ஒரு கூட்டம் கொசு பறந்தா பதறாதீங்க, அது நம்ம ஆளுங்க தான், ஆப்லயே எந்த ஏரியால விடறாங்கன்னு இருக்கு.

புகைமூட்டத்துக்கு வந்தா கதை வேற. ஆப்ல பிஎஸ்ஐ (காத்து மாசுக் குறியீடு) நம்பர் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தின்னு அஞ்சு பக்கத்துக்கும் தனித்தனியா வரும், 50 வரைக்கும் நல்லது, 100 வரைக்கும் மிதம், அதுக்கு மேல உடம்புக்கு ஆகாது, 300 தாண்டினா அபாயம். ஆனா ஒண்ணு கவனிங்க, அந்த பெரிய நம்பர் கடைசி 24 மணி நேரத்தோட சராசரி, வெளிய எரியற வாசம் அடிக்கும், நம்பர் பாத்தா மிதம்னு இருக்கும். இப்போ ஜன்னலை சாத்தணுமா வேணாமான்னு தெரியணும்னா கீழ இருக்க 1 மணி நேர பிஎம் 2.5 (காத்துல இருக்க நுண்துகள்) அளவை பாருங்க, 55 வரைக்கும் சாதாரணம், அதுக்கு மேல ஏறினா உஷார். இதை ஆப் முன்னாடியே பெருசா காட்டலாம், என்னோட கால் ஸ்டார் இதுக்கு போச்சு.

2013 ஜூன் 21 அன்னைக்கு 3 மணி நேர அளவு 401 போச்சு, பழைய ஆளுங்களை கேட்டா இன்னும் அந்த வாரத்தை பத்தி பேசுவாங்க. 2015ல ஸ்கூலையே ஒரு நாள் மூடினாங்க. எரியறது பக்கத்து நாட்டு காடும் கரி நிலமும், இங்க எவ்வளவு சுத்தமா கூட்டினாலும் என்ன பண்ண முடியும், காத்து விசா வாங்கிட்டா வருது. 2014ல எல்லை தாண்டிய புகைக்குன்னே ஒரு சட்டம் போட்டாங்க, வெளிநாட்ல இருக்க கம்பெனி மேலயும் நடவடிக்கை எடுக்கலாம், ஒரு நாளைக்கு 1 லட்சம் வெள்ளி வீதம் 20 லட்சம் வரைக்கும் அபராதம், கேக்க நல்லா இருக்கு, நோட்டீஸ் எல்லாம் கூட அனுப்பினாங்க, ஆனா ஆள் இன்னொரு நாட்ல, ஆதாரமும் இன்னொரு நாட்ல. பூச்சட்டி பிளேட்ல புழு பிடிக்கற சாமர்த்தியம் அங்க செல்லுபடி ஆகல.

உணவங்காடி நிலையம் (ஹாக்கர் சென்டர்) பகுதி எனக்கு ரொம்ப பிடிச்சது. நூத்துக்கும் மேல இருக்க நிலையங்கள் எப்போ கிளீனிங்க்கு மூடும், எப்போ ரிப்பேர்க்கு மாசக்கணக்குல மூடும்னு போட்டிருப்பாங்க, ஊர்ல இருந்து வந்த சொந்தக்காரங்களை லிட்டில் இந்தியால இருக்க தேக்கா உணவங்காடிக்கு கூட்டிட்டு போறதுக்கு முன்னாடி கட்டாயம் பாருங்க, 2023ல அது மூணு மாசம் மூடி இருந்துச்சு. தெருவுல தள்ளுவண்டி வச்சிருந்தவங்களை எழுபது எண்பதுகள்ல கூரைக்கு கீழ கொண்டு வந்ததுல ஆரம்பிச்சு, 2021 செப்டம்பர்ல இருந்து சாப்பிட்ட டிரேவை எடுத்து வைக்கலன்னா முதல்ல வார்னிங் அப்புறம் 300 வெள்ளின்னு ரூல் வந்தது வரைக்கும் முன்னாடி அமைச்சு, இப்போ இவங்க ராஜ்யம். கடைக்கு டெண்டர் விடறதும் இவங்க தான், அதுல ஏலம் எங்கயோ போயிடுது, 2024ல மரின் பரேட்ல ஒரு கடைக்கு மாசம் 10,000 வெள்ளிக்கு மேல ஒருத்தர் கேட்டது நியூஸ்லயே வந்துச்சு. தோசை விலை ஏன் ஏறுதுன்னா இது மட்டும் காரணம் இல்ல, இருந்தாலும் கண்ணை உறுத்துது.

ஆனா அந்த தோசைல கரப்பான் இருந்தா என்இஏ கிட்ட போகாதீங்க. 2019 ஏப்ரல்ல சாப்பாடு சம்பந்தப்பட்டதெல்லாம் சிங்கப்பூர் உணவு அமைப்புக்கு போயிடுச்சு, கட்டடமும் மேஜையும் இவங்க, தட்டுல இருக்கறது அவங்க. வெள்ளமும் வாய்க்காலும் பொதுப் பயனீட்டுக் கழகம், குரங்கும் மரமும் தேசியப் பூங்காக் கழகம், புளோக்குக்கு கீழ கூட்டறது நகர மன்றம். 2014 தேசிய தினக் கூட்ட உரைல அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கே ஒரு மீன் உருண்டை குச்சிய வச்சு இதை சொன்னாரு, ஒரே நடைபாதைல சரிவு ஒரு துறை, வாய்க்கால் ஒரு துறை, ஓரம் ஒரு துறை, குச்சி எங்க விழுதோ அதை பொறுத்து தான் யார் பொறுக்கணும்னு முடிவாகும். அதுக்கு அப்புறம் தான் ஒன்சர்வீஸ் ஆப் வந்துச்சு, யாருக்கு போகணும்னு தெரியாத புகாரை அதுல போட்டா அவங்களே பிரிச்சு அனுப்பறாங்க. என் அபிப்ராயம், தகவலுக்கு மைஎன்வி, புகாருக்கு ஒன்சர்வீஸ், ரெண்டும் போன்ல இருக்கட்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல்ல நின்னு ஊதற சிகரெட் புகைக்கு மட்டும் ரெண்டு ஆப்லயும் மருந்து இல்ல. காரிடார்ல, படிக்கட்டுல, கீழ வெற்றுத் தளத்துல பிடிச்சா அபராதம், வீட்டுக்குள்ள நின்னு ஜன்னல் வழியா விட்டா சட்டம் தொடாது, பாராளுமன்றத்துலயே இதை பேசி பாத்தாங்க, வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கற மாதிரி ஆயிடும்னு அரசாங்கம் மறுத்துடுச்சு. கொசுவுக்கு வீட்டுக்குள்ள வரலாம், புகைக்கு வரக்கூடாது, என்ன லாஜிக்கோ.

குப்பை விஷயத்துல என்இஏக்கு நாம குடுக்கற ஒத்துழைப்பு ரொம்ப கம்மின்னு நினைக்கறேன். வீட்டுக் குப்பைல மறுசுழற்சிக்கு போறது 12 சதவீதம் பக்கம் தான், அதுக்குன்னு வச்சிருக்க நீலத் தொட்டில போடறதுலயும் கிட்டத்தட்ட 40 சதவீதம் சாப்பாடு பட்டு வீணாப் போறது. கிச்சன்லயே குப்பை குழாய் வச்சு குடுத்தா எவன் கீழ இறங்கி தொட்டி தேடுவான். எல்லாம் எரிச்சு, சாம்பலை படகுல ஏத்தி செமக்காவ் தீவுல கொட்டறாங்க, 1999ல இருந்து கொட்டறது, 2035 வாக்குல நிறைஞ்சிடும், அதுக்கு அப்புறம் கொட்ட வேற தீவு இல்ல. ஆப்ல பக்கத்து மறுசுழற்சி தொட்டி எங்கன்னு காட்டுது, என்ன எதுல போடணும்னும் இருக்கு, உள்ள தோண்டி போனா தான் கிடைக்கும்.

கடைசியா கட்டட சைட்ல வேலை பாக்கற நம்ம பசங்களுக்கு. 2023ல இருந்து வெப்ப அழுத்தம்னு ஒரு பக்கம் சேத்திருக்காங்க, வெயில், ஈரப்பதம், காத்து எல்லாம் சேத்து கணக்கு போட்ட நம்பர், 31க்கு கீழ பச்சை, 33 தொட்டா அதிகம். மனிதவள அமைச்சோட ரூல்படி அந்த அளவு 32 ஆனா வெளிய கடுமையான உடல் உழைப்பு பாக்கறவங்களுக்கு மணிக்கு 10 நிமிஷமாவது ஓய்வு குடுத்தாகணும். பெரிய சைட்ல தனி மீட்டர் இருக்கும், ஆனா உங்க போன்லயும் பக்கத்து ஸ்டேஷன் நம்பர் இருந்தா சூப்பர்வைசர் கிட்ட பேச ஈசி. நோட்டிஃபிகேஷன் எல்லாத்தையும் ஆன் பண்ணாதீங்க, இடி மின்னலுக்கே ஒரு நாளைக்கு பல தடவை அலறும். மழை, வெப்பம், உங்க புளோக் டெங்கி, இந்த மூணு மட்டும் போதும்.