ஹைப்ரிடா, மின்சார எஸ்யூவியா: நெல்லைக் குடும்பத்துக்கு எது பொருந்தும்?

இருபது லட்சத்தைச் சுற்றிய பணத்தில் குடும்ப எஸ்யூவி தேடுபவர்கள் இன்று இரண்டு அணிகளுக்கு நடுவில் நிற்கிறார்கள். ஒரு பக்கம் மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் போன்ற, பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஸ்ட்ராங் ஹைப்ரிட் வண்டிகள். மறுபக்கம் ஹூண்டாய் கிரெட்டா எலக்ட்ரிக், டாடா கர்வ் இவி, மஹிந்திரா பிஇ 6, தூத்துக்குடியில் தயாராகும் வின்ஃபாஸ்ட் விஎஃப்6. சென்னைக்கும் பெங்களூருக்கும் எழுதப்பட்ட ஒப்பீடுகள் ஏராளம். பாளையங்கோட்டையிலோ வள்ளியூரிலோ அம்பாசமுத்திரத்திலோ குடியிருப்பவருக்கு அவை பாதிதான் உதவும், ஏனென்றால் நம் வீடுகளும் சாலைகளும் மின்சார பில்லும் வேறு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி நிறுத்தச் சொந்த இடமும் அதில் ஒரு பிளக்கும் இருந்தால் மின்சார வண்டி. டவுன் ரத வீதிகளை ஒட்டிய வரிசை வீடுகளில், தெருவிலோ வேறொருவர் மனையிலோ வண்டியை விட்டுவிட்டு வருபவர் என்றால் ஹைப்ரிட். இரவில் வண்டி எங்கே நிற்கிறது என்பதற்கு அடுத்துத்தான் விலை, மைலேஜ், கதவின் நிறம் எல்லாம்.

ஒரு எச்சரிக்கை. ஷோரூமில் ‘ஹைப்ரிட்’ என்று சொல்லப்படுவதெல்லாம் ஹைப்ரிட் அல்ல. கிராண்ட் விட்டாராவிலும் ஹைரைடரிலும் மைல்டு ஹைப்ரிட் என்ற மலிவான வகையும் உண்டு. அதில் உள்ள சிறிய மோட்டார் எஞ்சினுக்குக் கொஞ்சம் கைகொடுக்குமே தவிர, வண்டியைத் தனியாக நகர்த்தாது. ஸ்ட்ராங் ஹைப்ரிடில் 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து சுமார் 116 குதிரைத்திறன் தருகின்றன. ஜங்ஷன் நெரிசலில் எஞ்சின் அணைந்து, வண்டி மோட்டாரிலேயே ஊர்ந்து போகும். லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்று நிறுவனம் சொல்வது இந்த வகைக்கு மட்டும். விலைப்பட்டியலில் ‘ஸ்ட்ராங்’ என்ற சொல்லைத் தேடிப் பார்த்த பிறகே பேச்சை ஆரம்பியுங்கள்.

விலையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: மின்சார வண்டி என்றால் விலை கூடுதல் என்று. ஷோரூம் விலையில் அது ஓரளவு உண்மை. சாலை வரியெல்லாம் சேர்ந்த ஆன் ரோடு விலையில் கணக்கு திரும்பிவிடுகிறது. மின்சார வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்; இந்த அளவு ஹைப்ரிடுக்கு 2025 செப்டம்பர் மாற்றத்துக்குப் பிறகும் 40 சதவீதம். அது ஷோரூம் விலையிலேயே அடங்கிவிடும். அதற்கு மேல், தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரையுள்ள காருக்குச் சாலை வரி 18 சதவீதம். பதினேழரை லட்சம் ரூபாய் ஹைப்ரிடுக்கு இதுவே மூன்று லட்சத்தைத் தாண்டும். மின்சார வாகனங்களுக்குத் தமிழ்நாடு அரசு இந்த வரியில் முழு விலக்கு அளித்து வந்திருக்கிறது. புக் செய்யும் நாளில் அது தொடர்கிறதா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். விலக்கு இருக்கும்வரை, பதினெட்டு லட்சம் ரூபாய் மின்சார வண்டி அந்த ஹைப்ரிடைவிடக் குறைந்த பணத்தில் வீட்டு வாசலுக்கு வந்துவிடும்.

அடுத்தது ஓட்டும் செலவு. ‘கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்’ என்று விற்பனையாளர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். நம் மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. 2024 ஜூலையில் திருத்திய கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு, அடுத்த 100 யூனிட்டுக்கு மலிவு விலை. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த மலிவு போய், 101 முதல் 400 வரை 4.80 ரூபாய், 500 வரை 6.45, 600 வரை 8.55, 800 வரை 9.65 என்று ஏறும்.

இப்போது 400 யூனிட் எரிக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பில் சுமார் 1,200 ரூபாய் வரும். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் மின்சார எஸ்யூவி, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, இரண்டு மாதத்துக்கு ஏறக்குறைய 340 யூனிட் இழுக்கும். மொத்தம் 740 யூனிட். பில் 4,300 ரூபாயை ஒட்டி வரும். ஆக, 2,000 கிலோமீட்டருக்குக் கூடுதலாக 3,100 ரூபாய். கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். அதே தூரத்துக்கு, லிட்டருக்கு 21 கிலோமீட்டர் தரும் ஹைப்ரிட், நூறு ரூபாயைத் தாண்டிய பெட்ரோலில் 9,600 ரூபாய்க்கு மேல் விழுங்கும். ஆண்டுக்குச் சுமார் 39,000 ரூபாய் மிச்சம்.

மொட்டை மாடி வைத்திருப்பவருக்கு இன்னும் ஒரு வழி இருக்கிறது. 3 கிலோவாட் சூரிய மின் தகடுகளுக்குப் பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் உண்டு. நெல்லை வெயிலில் அது நாளுக்குப் பன்னிரண்டு யூனிட்டை ஒட்டித் தரும்; காருக்குத் தேவையானது அதில் பாதிதான். கயத்தாறில் காற்றாலைகள் சுற்றுகின்றன, கங்கைகொண்டானில் சூரிய மின் தகடு ஆலை ஓடுகிறது. இப்படிப்பட்ட வட்டாரத்தில், வீட்டுக் கூரை வெறுமனே காய்வதைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

ஆனால் வெளிச் சார்ஜரை மட்டுமே நம்புகிறவருக்கு இந்த லாபம் கிடைக்காது. வேகச் சார்ஜரில் யூனிட் 20 ரூபாயும் அதற்கு மேலும் போகிறது. கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் தாண்டிவிடும். அந்த வித்தியாசத்துக்காக வாரம் ஒரு மாலையைச் சார்ஜர் முன்னால் கழிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. வரிசை வீட்டுக்காரருக்கு ஹைப்ரிட் என்று சொல்வது இதனால்தான்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று எர்த். மின்சாரக் காரின் சார்ஜர், வீட்டின் எர்த் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கைப் போட்டு நின்றுவிடும். ஃபிரிட்ஜும் மோட்டாரும் அதே வீட்டில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். கார் மட்டும் மறுக்கும். ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்துச் செம்மண்ணும் பாறையும் கோடையில் காய்ந்து கிடக்கும்போது பழைய எர்த் குழிகள் பேருக்குத்தான் இருக்கின்றன. வண்டி புக் செய்வதற்கு முன்பே எலக்ட்ரீஷியனை அழைத்து, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே எத்தனை வோல்ட் காட்டுகிறது என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஓரிரண்டு வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. கூடுதலாக இருந்தால் கரியும் உப்பும் போட்டுப் புதுக் குழி எடுத்து, சித்திரை வைகாசியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றி வாருங்கள். கூடவே, மின்வாரியத்தில் வீட்டின் அனுமதிக்கப்பட்ட மின்பளுவையும் பார்த்துவிடுங்கள். 7.2 கிலோவாட் சுவர்ச் சார்ஜருக்கு அதை உயர்த்த வேண்டியிருக்கும். 15 ஆம்பியர் பிளக்கிலேயே இரவு முழுக்கப் போட்டாலும் அன்றாட ஓட்டத்துக்குப் போதும்.

சாலைக்கு வருவோம். நம் குடும்பங்களின் பயணம் பெரும்பாலும் திருச்செந்தூர், தென்காசி, குற்றாலம், நாகர்கோவில், மதுரை, திருவனந்தபுரம். இவற்றில் தொலைவான மதுரையும் திருவனந்தபுரமும் ஒரு வழிக்கு 150, 160 கிலோமீட்டர். நிறுவனம் சொல்லும் தூரத்தில் கால்வாசியைக் கழித்துவிட்டுப் பாருங்கள். 51.4 யூனிட் பேட்டரி கொண்ட கிரெட்டாவுக்கு 2025-இல் அறிமுகமானபோது 473 கிலோமீட்டர் என்றார்கள். ஏசி போட்டு நாற்கரச் சாலையில் 330, 350 என்று வைத்துக்கொள்ளலாம். மதுரை போய்த் திரும்ப அது மட்டுமட்டாகப் போதும். 42 யூனிட் வகைக்குப் போதாது. ஆகவே சிறிய பேட்டரியை வாங்கி ஒரு லட்சமோ இரண்டு லட்சமோ மிச்சம் பிடிக்காதீர்கள். அந்த மிச்சம் கோவில்பட்டியிலோ சாத்தூரிலோ காத்திருப்பாகத் திரும்பி வரும்.

சென்னை 620 கிலோமீட்டர். மின்சார வண்டியில் இரண்டு முறையாவது நிறுத்திச் சார்ஜ் போட வேண்டும், பொங்கல் நேரத்தில் சார்ஜர் முன்னால் வரிசையும் இருக்கும். மாதாமாதம் குடும்பத்தோடு காரிலேயே சென்னை போகிறவர் மறுயோசனை இல்லாமல் ஹைப்ரிட் வாங்கலாம். 45 லிட்டர் நிரப்பினால் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் நெல்லை எக்ஸ்பிரஸும் 2023 முதல் வந்தே பாரத்தும் இருக்கும்போது, ஆண்டுக்கு இரண்டு முறை போகும் சென்னைக்காக மற்ற நாளெல்லாம் பெட்ரோல் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மலைப்பாதையில் இரண்டும் வேறு வேறு குணம் காட்டும். ஹைப்ரிடின் பேட்டரி ஒரு யூனிட் கூடக் கொள்ளாது. புளியரையிலிருந்து ஆரியங்காவு ஏறும்போது ஐந்து பேரும் பெட்டியும் இருந்தால் அது சீக்கிரம் காலியாகி, மூன்று சிலிண்டர் எஞ்சின் ஒற்றையாக உறுமும். ஏறிவிடும், ஆனால் பின்னால் இருக்கும் ஆச்சி ‘வண்டிக்கு என்ன ஆச்சு’ என்று கேட்பார். மின்சார வண்டி சத்தமில்லாமல் ஏறி, இறங்கும்போது செலவழித்ததில் ஒரு பங்கைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும். ஹைப்ரிடின் பலம் நகரத்தில். வண்ணார்பேட்டை சிக்னலிலும் மேலப்பாளையம் சந்தை நாளிலும் அது பெட்ரோலை அபாரமாக மிச்சப்படுத்தும்.

டிக்கி விஷயத்தில் ஹைப்ரிட் தோற்கிறது. பேட்டரி டிக்கியின் தரைக்கு அடியில் இருப்பதால் தளம் உயர்ந்து, இடம் சுருங்கிவிடுகிறது. ஊருக்குப் போனால் அரிசி மூட்டையும், களக்காட்டு ஏத்தன் தாரும், தேங்காய்ச் சாக்கும் இல்லாமல் திரும்புகிறவர்கள் நம்மில் யார்? கிரெட்டா எலக்ட்ரிக்கில் 433 லிட்டர் இடம் இருக்கிறது.

மின்சார அணிக்குள் என் வரிசை இது. பெரியவர்கள் ஏறி இறங்கக் கிரெட்டா வசதி. பின் இருக்கையின் உயரமும் கூரையும் சரியாக இருக்கின்றன. கர்வின் 55 யூனிட் பேட்டரி எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை. தினமும் முழுதாகச் சார்ஜ் போட்டாலும் எளிதில் தேயாது, வெப்பத்தையும் நன்றாகத் தாங்கும். ஆனால் சரிந்த கூரை பின்னால் உட்காரும் உயரமானவரின் தலையைத் தொடும். பிஇ 6 ஓட்டுபவருக்குப் பிடிக்கும், பின்னால் உட்காருபவருக்கு இருட்டாகப் படும். 2025 ஆகஸ்டில் திறந்த தூத்துக்குடி ஆலையில் உருவாகும் விஎஃப்6, 59.6 யூனிட் பேட்டரியோடு 16.49 லட்சத்தில் அறிமுகமானது. நம் பக்கத்துப் பிள்ளைகள் பூட்டிய வண்டி என்ற பெருமை எனக்கும் உண்டு. ஆயினும் இந்தியாவுக்குப் புதிய நிறுவனம். பழுது பார்க்கும் மையம் உங்கள் வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர், விபத்துக்குப் பின் உதிரிப் பாகம் எத்தனை நாளில் வரும் என்று கேட்டு, பதில் திருப்தியாக இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

பத்து ஆண்டுகள் வைத்து விற்பவர்களுக்கு: ஹைப்ரிடுக்கும் கிரெட்டாவுக்கும் பேட்டரி உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். மறுவிற்பனையில் ஹைப்ரிடுக்குத்தான் இன்று மதிப்பு அதிகம்.

2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர்கள் வெள்ளத்தைப் பற்றிக் கேட்பார்கள். மின்சார வண்டிகளின் பேட்டரிப் பெட்டி பொதுவாக ஐபி67 தரம், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்குமளவுக்கு மூடப்பட்டது. ஹைப்ரிடின் எஞ்சின் காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சினால் அங்கேயே பழுதாகிவிடும். இரண்டையும் வெள்ளத்தில் இறக்கக் கூடாது. இரண்டுக்கும் காப்பீட்டில் எஞ்சின் அல்லது பேட்டரிப் பாதுகாப்பைத் தனியாகச் சேர்த்துப் பணம் கட்டுங்கள். சாதாரண முழுக் காப்பீட்டில் அது தானாக அடங்கியிருக்கும் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள்.