பதினான்கு மாதங்கள், 11,640 சுற்றுகள்: ஏறும் மடங்கு விளையாட்டில் என் கணக்கு

சென்னையில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் பணிபுரியும் நான், 2022 நவம்பர் முதல் 2023 டிசம்பர் வரை இணையக் காசினோ தளம் ஒன்றில் ‘கிராஷ்’ வகை விளையாட்டை ஆடினேன். தொழில் பழக்கம் விடாததால், வைத்த பந்தயம், வெளியேறிய மடங்கு, விமானம் விழுந்த மடங்கு ஆகிய மூன்றையும் முதல் வாரத்திலிருந்தே எக்செல் தாளில் குறித்து வந்தேன். கீழே வரும் என் தொகைகள் எல்லாம் அந்தத் தாளிலிருந்து எடுத்தவை. தளத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அதே அமைப்பில் பெயர் மாறிய தளங்கள் ஏராளம்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திரையில் ஒரு விமானமோ கோடோ 1.00 என்ற எண்ணிலிருந்து ஏறத் தொடங்கும். அது விழுவதற்குள் ‘கேஷ் அவுட்’ பொத்தானை அழுத்தினால், அந்த நேரத்து மடங்கால் பந்தயத்தைப் பெருக்கித் தருவார்கள். அழுத்துவதற்குள் விழுந்துவிட்டால் வைத்த பணம் போய்விடும். 2014-இல் மணிபாட் என்ற பெயரில் வெளிவந்து பின்னர் பஸ்டாபிட் எனப் பெயர் மாறிய பிட்காயின் விளையாட்டுதான் இந்த வகையை முதலில் பரவலாக்கியது. 2019-இல் ஸ்ப்ரைப் நிறுவனம் கொண்டுவந்த ஏவியேட்டருக்குப் பிறகு, இது நம் ஊர்க் கைப்பேசிகள் வரை வந்துவிட்டது.

இந்த விளையாட்டின் ஈர்ப்பு முழுவதும் அந்தப் பொத்தானில்தான் இருக்கிறது. படங்கள் சுழலும் சூதாட்ட இயந்திரத்தின் முன் அமர்ந்தவர் வேடிக்கை மட்டுமே பார்க்கிறார். இங்கோ எப்போது எடுப்பது என்பதை நானே முடிவு செய்கிறேன் என்ற எண்ணம் ஏற்படுகிறது. எனக்கும் ஏற்பட்டது. முதல் இரண்டு மாதங்களில் என் நிதானம்தான் என்னைக் காப்பாற்றுகிறது என்று உறுதியாக நம்பினேன். அந்த நம்பிக்கையைக் கலைத்தது தோல்வி அல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து போட்ட வாய்ப்புக் கணக்கு.

பந்தயமாக வைக்கப்படும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 97 ரூபாய் ஆடுபவர்களுக்குத் திரும்பும் என்பது ஏவியேட்டருக்கு அறிவிக்கப்பட்டுள்ள விகிதம்; நான் ஆடிய தளமும் அதே எண்ணைத்தான் காட்டியது. அப்படியானால் ஒரு மடங்கை எட்டும் வாய்ப்பு, 97-ஐ அந்த மடங்கால் வகுத்தால் கிடைக்கும். நூறு சுற்றுகளில் 1.5-ஐ எட்டுபவை ஏறத்தாழ 65, 2-ஐ எட்டுபவை 48 அல்லது 49, 10-ஐ எட்டுபவை பத்துக்குச் சற்றுக் குறைவு, 100-ஐத் தொடுவது சுமார் ஒன்று. மூன்று சுற்றுகள் 1.00-இலேயே விழுந்துவிடும், அவற்றில் யாருடைய திறமைக்கும் வேலை இல்லை. எந்த மடங்கை இலக்காக வைத்தாலும் வாய்ப்பையும் மடங்கையும் பெருக்கினால் அதே 97-தான் வரும்.

இதன் உட்பொருள் எனக்குப் பிடிபட இன்னும் சில வாரங்கள் ஆயின. விமானம் 1-ஐத் தாண்டிய பிறகு, 2-இல் இருந்து 4-க்குப் போகும் வாய்ப்பு சரிபாதி. 8-இல் இருந்து 16-க்குப் போகும் வாய்ப்பும் அதே சரிபாதி. ‘இவ்வளவு ஏறிவிட்டது, இனி விழுந்துவிடும்’ என்று அவசரமாக அழுத்துபவரும், ‘இன்று நன்றாகப் பறக்கிறது’ என்று காத்திருப்பவரும் காசு சுண்டிப் பார்ப்பதற்கு மேல் எதுவும் செய்வதில்லை. காசினோ தன் பங்கை அந்த 1.00 சுற்றுகள் வழியாகப் புறப்படும்போதே எடுத்துக்கொண்டுவிடுகிறது. அதற்குப் பின் நாம் பதறி எடுக்கும் முடிவுகளால் அதற்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. பந்தயம் வைப்பதா வேண்டாமா என்பது மட்டுமே கணக்கில் ஏறும் முடிவு. அதற்கோ திரையில் எந்தப் பரபரப்பும் இல்லை.

திரையின் வேகமும் கண்ணை ஏமாற்றுகிறது. பஸ்டாபிட்டில் எண் 2-ஐ எட்ட ஏறத்தாழ பதினொன்றரை விநாடிகள் ஆகும். 10-ஐ எட்ட 38 விநாடிகள். ஒவ்வோர் இரட்டிப்புக்கும் ஆகும் நேரம் ஒன்றேதான் என்றாலும், 8-இல் இருந்து 16-க்கு ஓடும் எண்களைப் பார்க்கையில் விமானம் திடீரென்று வேகம் எடுத்ததுபோலத் தோன்றும். கை பொத்தான்மேல் உறைந்துபோவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

இதைவிட நுட்பமான ஒன்றும் உண்டு. நாம் வெளியேறிய பிறகும் விமானம் நம் கண்முன்னே பறந்துகொண்டே இருக்கும். 1.80-இல் எடுத்து நாற்பது ரூபாய் சம்பாதித்த கையோடு, அது 40-ஐத் தாண்டுவதைப் பார்க்க நேர்கிறது. ஆகவே தோற்றால் ‘முன்பே எடுத்திருக்கலாம்’ என்றும், வென்றால் ‘பொறுத்திருக்கலாம்’ என்றும் இரண்டு பக்கமும் வருத்தமே மிஞ்சுகிறது. இரண்டிலும் குற்றவாளி நான்தான். தளத்தின் மீது கோபமே வராது. பதினான்கு மாதங்களில் அந்தப் பொத்தான் எனக்குச் செய்தது இதுதான்: இழப்பை என் தவறாக மாற்றிக் கொடுத்தது. தவறு என்றால் திருத்திக்கொள்ளலாம் அல்லவா? திருத்திக்கொள்வதற்காகவே மறுநாளும் உள்ளே போனேன்.

இனித் தொகைகள். நான் மொத்தம் 58,000 ரூபாய் போட்டேன். 36,650 ரூபாய் திரும்ப எடுத்தேன். இழப்பு 21,350. ஆனால் 11,640 சுற்றுகளில் வைத்த பந்தயங்களின் கூட்டுத்தொகை 5,82,000. அதாவது போட்ட பணம் உள்ளேயே பத்து முறை சுற்றியிருக்கிறது. பந்தயத் தொகையோடு ஒப்பிட்டால் இழப்பு 3.7 சதவீதம், அறிவிக்கப்பட்ட மூன்று சதவீதத்துக்கு அருகில் இருப்பதால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கையிலிருந்து போன பணத்தோடு ஒப்பிட்டால் அதே இழப்பு ஏறத்தாழ 37 சதவீதம். விளம்பரத்தில் காட்டப்படும் 97 என்ற எண் பொய்யில்லை, ஆனால் அது ஒரு சுற்றுக்கான எண். மணிக்குச் சுமார் நூற்றைம்பது சுற்றுகள் ஓடும் விளையாட்டில், சுற்றுக்கு ஐம்பது ரூபாய் வைப்பவர் மணிக்கு 225 ரூபாய் இழப்பார் என்று எதிர்பார்க்கலாம். இதை நுழைவுச்சீட்டு என்று நேரடியாகக் கேட்டிருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேன்.

இடையில் ஐந்து மாதங்கள் 1.50-இல் தானாக வெளியேறும்படி அமைத்துவிட்டு, கையை எடுத்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் வைத்த 2,10,000 ரூபாயில் 6,700 போயிற்று. கையால் அழுத்திய மாதங்களில் 3,72,000 ரூபாயில் 14,650 போயிற்று. 3.2 சதவீதத்துக்கும் 3.9 சதவீதத்துக்கும் இடையிலான வேறுபாட்டைத் தற்செயல் என்றே கொள்ள வேண்டும். ஆனால் தானியங்கி முறையில் ஆட்டம் சலித்துவிட்டது, அரை மணி நேரத்தில் எழுந்துவிடுவேன். முடிவெடுக்கும் மகிழ்ச்சிக்காகத்தான் பணம் கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போது விளங்கியது.

தோற்றால் பந்தயத்தை இரட்டிப்பாக்கும் மார்ட்டிங்கேல் முறையையும் விட்டுவைக்கவில்லை. இருபது ரூபாயில் தொடங்கி 2.00-ஐ இலக்காக வைத்து ஆடிய ஓர் இரவில், ஏழு சுற்றுகள் தொடர்ந்து தோற்று 2,540 ரூபாயை இழந்தேன். எட்டாவதுக்கு 2,560 வேண்டும். அன்று கணக்கில் அவ்வளவு இல்லை. ஏழு தொடர் தோல்விகள் அபூர்வம் என்று நினைத்திருந்தேன். தொடங்கும் ஒவ்வொரு முறையும் அதற்கான வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான் என்பது உண்மை. ஆனால் இருநூறு சுற்றுகள் ஆடினால், எங்கேனும் ஒருமுறை அது நிகழும் வாய்ப்பு பாதிக்கும் மேல்.

மோசடி நடக்கிறதா என்ற கேள்விக்கு என் அனுபவத்தில் நேர்மையான விடை, இல்லை என்பதே. விழும் மடங்கைத் தீர்மானிக்கப் பயன்படும் ரகசிய எண்ணை விதை என்பார்கள். சுற்று தொடங்கும் முன்பே சர்வரின் விதையிலிருந்து கணக்கிடப்படும் ஹாஷ் என்ற அடையாளக் குறி வெளியிடப்படுகிறது. முடிந்த பிறகு விதையை வாங்கி, ஆடுபவர்களின் விதைகளோடு சேர்த்து நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். முப்பது சுற்றுகளைச் சோதித்தேன், முப்பதும் பொருந்தின. இந்த வசதியே இல்லாத போலித் தளங்களும் உண்டு என்பதால் இதை எல்லாவற்றுக்கும் நற்சான்றாகக் கொள்ள வேண்டாம். மாறாக, ‘அடுத்த சுற்று 7.4’ என்று டெலிகிராமில் முன்கூட்டிச் சொல்பவர்கள் அத்தனை பேரும் புளுகுகிறார்கள். ஹாஷிலிருந்து விதையைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்க முடியாது. அவர்கள் தரும் இணைப்பு வழியாக நாம் பதிவு செய்தால் கிடைக்கும் கமிஷன்தான் அவர்களுடைய வருமானம்.

விளையாட்டு நேர்மையாக இருந்தாலும் பணப் பரிமாற்றம் அப்படி இல்லை. ஒவ்வொரு முறை பணம் போடும்போதும் வேறொரு தனிநபரின் யுபிஐ முகவரி திரையில் வந்தது. இத்தகைய கணக்குகளில் ஏதேனும் ஒன்று சைபர் குற்றப் புகாரில் சிக்கினால், அதிலிருந்து பணம் பெற்றவரின் வங்கிக் கணக்கும் முடக்கப்படலாம். எனக்கு நேராதது அதிர்ஷ்டம். கடைசியாகக் கேட்ட 3,200 ரூபாய் வந்துசேர ஒன்பது நாட்கள் ஆயின.

தமிழ்நாட்டின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கர் ஆகியவற்றுக்கு விலக்கு அளித்தபோதும், அதிர்ஷ்டத்தைச் சார்ந்த ஆட்டங்களுக்கான தடையை உறுதிசெய்தது. கிராஷ் விளையாட்டும் அந்த வகையிலேயே அடங்கும். அதன் பிறகும் ஒரு மாதம் ஆடினேன் என்பதை மறைக்கப்போவதில்லை. 2025 ஆகஸ்டில் நாடு முழுவதற்குமாக வந்த சட்டம் பணம் வைத்து ஆடும் எல்லா இணைய விளையாட்டுகளையும் தடைசெய்தது; நடத்துபவர்களுக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு, ஆடுபவர்களுக்குத் தண்டனை இல்லை.

கணக்கை மூட அந்தத் தளத்தில் பொத்தான் எதுவும் இல்லாததால் மின்னஞ்சல் அனுப்பினேன். ‘உங்களுக்காக 500 ரூபாய் போனஸ் காத்திருக்கிறது’ என்று பதில் வந்தது. இரண்டு ஆண்டுகள் கழிந்தும், மாதம் ஒருமுறை புதிய முகவரியோடு அதே செய்தி வாட்ஸ்அப்பில் வந்துகொண்டிருக்கிறது.