ககாடு: வழிகாட்டியோடு போவதா, நாமே ஓட்டிப் போவதா?

ஆஸ்திரேலியாவின் வட பகுதியில் உள்ள ககாடு தேசியப் பூங்காவுக்கும் அதைச் சுற்றியுள்ள இடங்களுக்கும் போக நினைப்பவர்களுக்கு டார்வின் நகரில் இறங்கியதுமே மூன்று வழிகள் உண்டு. ஒன்று, முன்பின் தெரியாத பத்துப் பதினைந்து பேரோடு வழிகாட்டியின் வண்டியில் ஏறி, இரவில் கூடாரத்தில் படுக்கும் மூன்று நாள் முகாம் பயணம். இன்னொன்று, சாதாரண வாடகைக் காரோ, உள்ளேயே படுத்துக்கொள்ளும் கேம்பர்வேனோ எடுத்துக்கொள்வது. மூன்றாவது, நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் விசை போகும் ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வாடகைக்கு எடுத்து, அடுப்பும் கூடாரமும் ஏற்றிக்கொண்டு நாமே கிளம்புவது. பலரும் விலையைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் சாலையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

லிட்ச்ஃபீல்ட் பூங்காவுக்கு வழிகாட்டி தேவையே இல்லை. டார்வினில் இருந்து ஒன்றரை மணி நேரம்தான், முக்கிய இடங்களுக்கெல்லாம் தார்ச்சாலை. வண்டி இடது பக்கம் ஓட்டும் நாடு என்பதால் நமக்குப் பழக்கமும் சரியாக வரும். ஃபுளோரன்ஸ் அருவியில் குளித்துவிட்டு, ஆளுயரத்துக்கு மேல் தட்டைத் தட்டையாக நிற்கும் கறையான் புற்றுகளையும் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம். அத்தனை புற்றும் வடக்கு தெற்காகவே நிற்கும். உச்சி வெயில் மெல்லிய விளிம்பில் மட்டும் படுவதால் உள்ளே சூடு ஏறாது. இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமா, அங்கேயே பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ககாடு வேறு கதை. கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர். டார்வினில் இருந்து ஜபிரு ஊருக்கே 250 கிலோமீட்டர். அங்கே சாதாரணக் காரில் போவது வீண் என்று சிலர் சொல்வதில் பாதிதான் உண்மை. பாறை ஓவியங்கள் உள்ள உபிர், புருங்குய் இரண்டுக்கும், முதலைகளைப் படகில் இருந்து பார்க்கும் யெல்லோ வாட்டர் நீர்நிலைக்கும் தார்ச்சாலை இருக்கிறது. மீதிப் பாதி உண்மையின் பெயர் ஜிம் ஜிம் அருவி. நெடுஞ்சாலையில் இருந்து விலகினால் சுமார் 50 கிலோமீட்டர் மண் பாதை, அதிலும் கடைசிப் பத்துக் கிலோமீட்டர் ஃபோர் வீல் டிரைவ் மட்டுமே போகக்கூடிய மணல். அப்புறம் பாறைகள் மேல் ஒரு கிலோமீட்டர் தாவித் தாவி நடை. பக்கத்திலுள்ள ட்வின் அருவிக்கு ஓர் ஓடையையும் வண்டியோடு கடக்க வேண்டும்.

அப்படியானால் மூன்றாவது வழிதான் சிறந்ததா? இங்கேதான் வாடகை ஒப்பந்தத்தின் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். ஃபோர் வீல் டிரைவ் கொடுத்தாலும், தண்ணீருக்குள் இறக்கி வண்டி கெட்டால் இன்சூரன்ஸ் கிடையாது என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். ஊருக்கு வெளியே இருட்டியபின் ஓட்டக் கூடாது என்றும் இருக்கும். எருமையும், சிறிய கங்காரு போன்ற வாலபியும் சாலையில் வந்து நிற்கும் ஊர் அது. உபிர் பாறை மேல் ஏறிச் சூரியன் மறைவதைப் பார்ப்பதுதான் ககாடுவின் உச்சம். பார்த்து இறங்கும்போது இருட்டத் தொடங்கியிருக்கும், ஜபிருவில் அறை எடுத்தவர் 40 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். அருகிலேயே மெர்ல் முகாம் இருக்கிறது, ஆனால் அங்கே கொசுக்கள் உங்களுக்காகக் காத்திருக்கும்.

முதலை விஷயம் இன்னும் முக்கியம். 1971இல் வேட்டைக்குத் தடை வந்தபின் உப்புநீர் முதலைகள் பெருகிவிட்டன. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், நன்னீர்க் குட்டைகளிலும் இருக்கும். மழைக்காலம் முடிந்ததும் வனக்காவலர்கள் கூண்டு வைத்துச் சோதித்த பிறகுதான் குளிக்கும் இடங்களைத் திறக்கிறார்கள். அந்த வாரம் எது திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்பது வழிகாட்டியின் விரல் நுனியில் இருக்கும். நாமே போனால் தினமும் விசாரித்துக்கொண்டிருக்க வேண்டும்.

குழுப் பயணத்தில் குறை இல்லாமல் இல்லை. விடியுமுன் எழுப்பிவிடுவார்கள். பாத்திரம் கழுவும் முறை உங்களுக்கும் வரும். அடுத்த கூடாரத்துக்காரர் குறட்டை விட்டால் கேன்வாஸ் துணி தடுக்காது. சைவம் என்றால் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். மாமிசம் வாட்டிய அதே தகட்டில் உங்கள் காளானும் வேக வேண்டாம் என்றால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஓவியங்களுக்கு விளக்கம் வேண்டும் என்பதற்காக மட்டும் குழுவில் சேர வேண்டாம். வறண்ட காலத்தில் உபிரில் வனக்காவலர்களே இலவசமாகப் பேசுகிறார்கள். ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் எப்போதோ அழிந்துபோன, டாஸ்மேனியப் புலி என்றும் சொல்லப்படும் தைலசின் விலங்கு பாறையின் உயரத்தில் வரைந்திருப்பதை அவர்களிடமே கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

என் தேர்வு கலவையானது. லிட்ச்ஃபீல்டுக்குச் சாதாரணக் கார். ககாடுவுக்கு ஜிம் ஜிம்மையும் சேர்த்த மூன்று நாள் முகாம் பயணம். கேத்தரின் பக்கம் உள்ள நிட்மிலுக் பள்ளத்தாக்குக்கு மறுபடியும் கார், அங்கே நாமே துடுப்புப் போடும் கானோ படகு. நான்கு பேர் சேர்ந்து செலவைப் பகிர்ந்து, மணலில் ஓட்டிப் பழகியவர் ஒருவரும் இருந்தால் ககாடுவுக்கும் ஃபோர் வீல் டிரைவை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டுவது லாபம்தான். இரண்டு பேருக்கு அது கட்டாது என்பது என் கணக்கு.

இதெல்லாம் மே கடைசியில் இருந்து அக்டோபர் வரைக்குமான பேச்சு. மழைக்காலமான ஜனவரியில் போனால் ஒப்பிட ஒன்றுமில்லை. ஜிம் ஜிம் முழுவேகத்தில் கொட்டும், பாதை மூடியிருக்கும். சிறு விமானத்தில் ஏறி மேலிருந்து பார்க்க வேண்டியதுதான்.