நான்கு மாரி கண்ட லீவர் கனெக்டர்

திருகோணமலையில் கோட்டை வாசலுக்குச் சற்றுத் தள்ளி, கடற்காற்று நேரே வந்து மோதும் வளவொன்றில் எங்கள் வீடு இருக்கிறது. வளவைச் சுற்றி ஏழு விளக்குகள், வாசலில் ஒன்று, கிணற்றடியில் ஒன்று, பின்புறக் குளியலறைக்குப் போகும் தனி வயர் என்று வெளியே ஓடும் மின்னிணைப்புகள் பல. ஒவ்வொரு மாரியிலும் இவற்றில் ஏதாவதொன்று பழுதாகி, நள்ளிரவில் ட்ரிப் சுவிட்ச் விழுந்து, வீடு முழுவதும் இருளில் மூழ்குவது எங்களுக்கு ஆண்டு வழக்கமாகவே ஆகியிருந்தது. 2021 ஒக்டோபரில், மழை தொடங்குவதற்குச் சில நாட்களுக்கு முன்னர், பழைய முடிச்சுகளை எல்லாம் வெட்டியெறிந்து அவற்றின் இடத்தில், வயர்களைச் சேர்த்துப் பிடிக்கும் லீவர் கனெக்டர்களைப் பொருத்தினேன். அதன் பிறகு நான்கு மாரிகள் கடந்துவிட்டன.

முன்னர் இருந்தவை இரண்டு வகை. ஒன்று, வயர்களை முறுக்கி அதன்மேல் கறுப்பு டேப் சுற்றிய முடிச்சு. கச்சான் காற்று வீசும் காலத்து வெயிலில் டேப்பின் பசை உருகி ஒழுகும். அடுத்து வரும் மழையில் தண்ணீர் உள்ளே போகும். டேப் அதை வெளியே விடாமல் பத்திரமாக வைத்திருக்கும். மற்றது திருகாணி வைத்த வெள்ளைக் கனெக்டர். அதன் திருகாணிகள் உப்புக் காற்றில் துருப்பிடித்து, இரண்டாம் ஆண்டிலேயே ஸ்குரூ ட்ரைவருக்கு அசையாமல் போயின. உப்பின் இயல்பு அப்படி: காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டியதும் அது தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். ஆகவே கடலோரத்தில் மழையே பெய்யாத இரவிலும் இணைப்பு நனைந்துதான் இருக்கும்.

நான் வாங்கியவை வாகோவின் 221 வரிசை. 1951இல் ஜெர்மனியின் மின்டன் நகரில் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம், திருகாணி இல்லாமல் வில்லின் (ஸ்பிரிங்) அழுத்தத்தால் வயரைப் பிடிக்கும் முறைக்குப் பெயர் பெற்றது. செம்மஞ்சள் நிற லீவரை உயர்த்தினால் உள்ளிருக்கும் உருக்கு வில் திறக்கும். பதினொரு மில்லிமீற்றர் உறை உரித்த வயரைச் செருகி லீவரைச் சாய்த்தால், தகரப் பூச்சிட்ட செப்புத் தகட்டின்மேல் வில் அதை அழுத்திக்கொள்ளும். வெயிலில் விரிந்தாலும் இரவுக் குளிரில் சுருங்கினாலும் வில் விடாது என்பதே திருகாணியைவிட இதற்குள்ள மேன்மை. சிறிய அளவினுள் 0.2 முதல் 4 சதுர மில்லிமீற்றர் வரையான வயர்கள் போகும்; ஆகவே நாம் 7/0.67 (0.67 மில்லிமீற்றர் இழைகள் ஏழு) என்று கேட்டு வாங்கும் இரண்டரைச் சதுர மில்லிமீற்றர் வயர் தாராளமாகப் போகிறது. பழைய வீடுகளில் இருக்கும், அங்குலக் கணக்கில் சொல்லும் தடித்த 7/0.044 போகாது, அதை வலிந்து திணிக்கவும் கூடாது. முப்பத்திரண்டு அம்பியர் என்று உடலில் பொறித்திருப்பது கனெக்டரின் தாங்குதிறன் மட்டுமே. அதைப் பார்த்துவிட்டுப் பெரிய பிரேக்கர் போட நினைப்பவர்கள் தங்கள் வயரின் தடிப்பையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

நனைந்த சூழலில் வேலை செய்வதற்கு இது உண்மையிலேயே வசதியானது. 2024 நவம்பர் இறுதியில், பின்னர் ஃபெஞ்சல் என்று பெயர் பெற்ற தாழமுக்கம் நமது கரையை ஒட்டி நகர்ந்த நாட்களில், பின்புறக் குளியலறை வயரின் மேல் முருங்கைக் கிளை முறிந்து விழுந்து அதை அறுத்துவிட்டது. டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள இடமொன்றில் சோதித்துக்கொண்டு, மெயின் சுவிட்சை நிறுத்தி, பின்னர் வயரிலும் வைத்துப் பார்த்து, தாழ்வாரத்துக்குள் ஒதுங்கி நின்று, வயர் முனைகளைப் பழைய சாரத் துண்டால் துடைத்து உலர்த்தி, மூன்று கனெக்டர்களில் லைவ், நியூட்ரல், எர்த் மூன்றையும் சேர்த்து முடிக்கச் சில நிமிடங்களே ஆயின. சிறிய திருகாணியொன்று சேற்றில் விழுந்து காணாமற் போகும் தொல்லை இல்லை. ஈர விரலுக்கு லீவர் வழுக்கத்தான் செய்கிறது, ஆனால் நகத்தை ஊன்றினால் எழும்பிவிடும். உடல் கண்ணாடிபோல் இருப்பதால் வயர் உள்ளே முழுவதும் போயிருக்கிறதா என்பதை டோர்ச் வெளிச்சத்திலேயே பார்க்க முடிந்தது.

இவ்வளவையும் படித்துவிட்டு யாரும் இதை மழையில் தொங்கவிட வேண்டாம். கனெக்டருக்குத் தண்ணீரைத் தடுக்கும் ஆற்றல் அறவே இல்லை; வயர் நுழையும் வாய் திறந்தே இருக்கிறது, லீவரின் கீழும் இடைவெளி இருக்கிறது. வாங்கிய அன்றே ஹார்ட்வெயார் கடைத் தம்பி, “இது உள்ளுக்குப் போடுற சாமான் அண்ணன், நனைய விடாதீங்க” என்று சொன்னார். நான்தான் முழுமையாகக் கேட்கவில்லை. தாழ்வாரத்தின் கீழ் மழை படாது என்று நம்பி ஒன்றைப் பெட்டியில்லாமல் விட்டுவைத்தேன். இரண்டாம் மாரி முடிந்து பார்த்தபோது வில்லுக்கும் தகட்டுக்கும் பெரிய கேடு இல்லை. ஆனால் வயரின் செப்பு முனை பச்சைக் களிம்பேறி, உறைக்குள் ஒரு விரற்கடை தூரம் வரை கறுத்துப் போயிருந்தது. பல இழை வயரில் நீர் இழைகளுக்கிடையே ஏறி உள்ளே பயணம் செய்யும். கனெக்டர் உழைத்தது, வயர்தான் செத்தது.

ஆகவே இந்த நான்கு ஆண்டுகளில் நான் அதிகம் கற்றது கனெக்டரைப் பற்றியல்ல, அதை வைக்கும் பெட்டியைப் பற்றித்தான். முதலில் வாங்கிய ஜங்ஷன் பொக்ஸ்களின் மேல் தூசும் பீச்சும் நீரும் உட்புகாது என்பதைக் குறிக்கும் ஐபி 65 என்று எழுதியிருந்தது, ரப்பர் வளையமும் இருந்தது, வயர் நுழையும் இடத்தை இறுக்கி அடைக்கும் கிளாண்டும் இருந்தது. இருந்தும் மூன்றில் தண்ணீர் நின்றது. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மாரி முழுவதும் ஆனது. நான் இழுத்திருந்தது தட்டை வயர், கிளாண்டின் துவாரம் வட்டம். எவ்வளவு இறுக்கினாலும் இரு பக்கமும் பிறைபோல் இடைவெளி எஞ்சும். வட்ட வயருக்கு மாற்றி, கிளாண்டுகள் கீழ்நோக்கி இருக்குமாறு பெட்டிகளைத் திருப்பி, வயரைப் பெட்டிக்குக் கீழே ஒருமுறை தொங்கவிட்டு மேலே ஏற்றிய பின்னர் மழைநீர் உள்ளே வருவது நின்றுவிட்டது. ஆனால் பகல் வெயிலில் சூடேறிய காற்று இரவில் குளிர்ந்து உள்ளேயே வியர்ப்பது நிற்கவில்லை. அதற்காக அடியில் ஒரு சிறு துளை போட்டேன். துளை வழியாக எறும்பு குடியேறியது. வலை வைத்து மறைத்தேன். துளை போட்டால் பெட்டியின் தரம் குறைந்துவிடும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். சொல்வது சரிதான். ஆனாலும் வெளியேற வழியில்லாத தண்ணீரைவிட எறும்பு மேல் என்பதே என் எண்ணம்.

2023இல் ஜெர்மனியிலிருந்து வந்த மைத்துனர், இதே கனெக்டருக்கென்று செய்யப்பட்ட ஜெல் பெட்டிகள் சிலவற்றைக் கொண்டுவந்தார். கனெக்டரை வயரோடு உள்ளே வைத்து மூடினால் ஜெல் நாலாபுறமும் பிதுங்கி, காற்று இருந்த இடத்தையெல்லாம் நிரப்பிக்கொள்கிறது. காயும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பின்னர் திறக்கவும் முடிகிறது. கிணற்றடி விளக்குக்கும் தரையோடு கிடக்கும் இரண்டு விளக்குகளுக்கும் அவற்றைப் போட்டேன். சென்ற மாரியில் அந்த இடங்களில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றபோதும் ட்ரிப் சுவிட்ச் விழவில்லை. பின்னர் திறந்து பார்த்தபோது செம்பு புதிதுபோல் சிவந்திருந்தது. கடற்கரை மணல் ஜெல்லில் ஒட்டிக்கொண்டால் எடுக்கவே முடியாது என்பது மட்டும் ஒரு தொல்லை. காகிதம் விரித்து அதன்மேல் வைத்து வேலை செய்வது நல்லது.

வாசல் விளக்கின் கதை வேறு. எங்கள் ஊரில் புள்ளிமான்கள் தெருவிலும் கடற்கரையிலும் ஆடுமாடுபோல் உலாவும் என்பது வெளியூரார்க்கும் தெரியும். கொம்புள்ள மானொன்று மதிலோரம் தொங்கிய வயரில் கொம்பை மாட்டிக்கொண்டு இழுத்ததில் கிளாண்ட் பெட்டியை விட்டுக் கழன்றது, பெட்டி மதிலை விட்டுக் கழன்றது, ஆனால் கனெக்டரிலிருந்து வயர் கழலவில்லை. வில்லின் பிடிக்கு இதைவிட நல்ல சோதனையை நான் செய்திருக்க முடியாது. இருந்தாலும் இழுவையைத் தாங்க வேண்டியது மதிலில் அடிக்கும் கிளிப்பே தவிர கனெக்டர் அல்ல.

மலிவுப் பிரதிகளையும் ஒருமுறை வாங்கிப் பார்த்தேன். 2022இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தபோது, இரண்டு மின்குமிழ்களையும் ஒரு மின்விசிறியையும் இன்வேட்டரில் தனியாக ஓட்டுவதற்கு அவசரமாகக் கனெக்டர்கள் தேவைப்பட்டன. பலமுறை திறந்து மூடியதில் பெயரில்லாத ஐந்தில் இரண்டின் லீவர் அச்சோடு முறிந்தது. ஒன்றில் வயரை மெல்ல இழுத்தாலே வந்துவிட்டது. உள்ளறைக்கே அவற்றை வைக்க மனமில்லாதபோது வெளியே வைப்பது பற்றிப் பேச்சில்லை.

கிணற்றுக்குள் இறக்கிய மோட்டரின் இணைப்பில் இதை நான் பயன்படுத்தவில்லை. அது எப்போதும் நீருக்குள் கிடப்பது, அதற்கு ரெசின் ஊற்றிய முடிச்சுத்தான். கம்பத்திலிருந்து வரும் அலுமினிய வயரும் அப்படியே. அது மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் வேலை, இந்தக் கனெக்டருக்கும் அலுமினியத்துக்கும் நேரடியாக ஒத்துப்போகாது. மற்றபடி வளவில் இப்போது முப்பத்தொரு கனெக்டர்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றைக்கூடப் பழுதென்று மாற்றவில்லை. மாற்றியவை வயர், பெட்டி, கிளாண்ட் ஆகியனவே. ஒவ்வொரு செப்டெம்பரிலும் பெட்டிகளைத் திறந்து பார்த்து, ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானையும் அழுத்திவிடுகிறேன். வாசல் விளக்கின் வயரை மானின் கொம்புக்கு எட்டாத உயரத்துக்கு ஏற்றியாயிற்று.