டிவிடியா, இணையமா? மாடர்ன் தியேட்டர்ஸ் படப் பிரியர்களுக்கு

சேலத்து மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ எடுத்த பழைய படங்களின் பிரியர்கள் பலருக்கும் இந்தக் குழப்பம் உண்டு: டிவிடி வாங்கிச் சேர்ப்பதா, இணையத்திலேயே பார்த்துக்கொள்வதா?

செலவு: இணையம்தான் மலிவு. டிவிடிக்கு நன்றாக ஓடும் பிளேயரும் வேண்டும்.

தெளிவு: படத்தின் கிடைக்கோடுகள் டிவிடியில் 576 வரை, இணையத்தில் 1080 வரை வரும். ஆனால் மூலப் பிரதியே தேய்ந்திருந்தால் 1080-ம் காப்பாற்றாது. 1956-இல் வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம், ஏற்காடு மலையடிவாரத்து அந்த ஸ்டுடியோ நம் ஊருக்குத் தந்த பெருமை. அதை நிறம் வெளிறிய பிரதியில் பார்ப்பது எம்.ஜி.ஆருக்கும் பானுமதிக்கும் செய்யும் அநியாயம். எதில் பார்த்தாலும் முதலில் பாட்டுக் காட்சி ஒன்றை ஓடவிட்டு வண்ணத்தைக் கவனியுங்கள்.

நிலைப்பு: உரிமம் முடிந்தால் இணையப் படம் சொல்லாமல் காணாமல் போகும். டிவிடி நம் அலமாரியில் இருக்கும். ஏற்காட்டு ஈரத்தில் உறை பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பா அவசியம்.

வசதி: இணையம். மலைமேல் சிக்னல் போனால் டிவிடி.

ஒருமுறை பார்க்க இணையம் போதும். 1940-இன் ‘உத்தம புத்திரன்’ படத்தில் பி.யு.சின்னப்பாவின் இரட்டை வேடத்தைத் திரும்பத் திரும்ப ரசிப்பவர்கள், நல்ல டிவிடி கண்ணில் பட்டால் விடாதீர்கள்.